எண்ணெய்க் குளியலும் ஹாட் டப்பும்

“…பின்ன, வெள்ளிக்கிழமையும் அதுவுமா எண்ண தேய்க்காம எவளாச்சும் வெந்நியில எறங்குவாளா அப்பு?”

கேட்டது செல்லத்தாயி அக்கா. சின்னாளபட்டி தாண்டி கனகாம்பரத் தோட்டம் வைத்திருக்கிறவர். அவர் வீட்டுக் கொல்லையில் போன சனிக்கிழமை நான் மாட்டிக் கொடுத்த ஹாட் டப் என்கிற வெந்நீர்த் தொட்டி, உலைப்பானை மாதிரி பொங்கி, கொல்லை முழுக்க நுரை. உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய், அதுக்கு மேலே ஒரு கிண்ணம் சீயக்காய். அப்படியே உள்ளே இறங்கி, தண்ணீரைப் பீய்ச்சுகிற ஜெட்டைத் தட்டிவிட்டிருக்கிறார். பம்பு ட்ரிப் ஆகிக் கிடந்தது.

முப்பது வருஷமாகத் திண்டுக்கல்லில் பிளம்பிங் பார்க்கிறேன். அடைப்பெடுத்த எந்தக் குழாயிலும் இப்படி வாசம் வந்ததில்லை.

அக்காவுக்கு முழங்கால் வலி. கனகாம்பரம் குட்டைச் செடி, குத்தவைத்துத்தான் பறிக்கணும். ஆறு மாசமாக அது முடியாமல், வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பறிக்கிற பெண்களை அதட்டிக்கொண்டிருந்தார். “நாற்காலியில உக்காந்து வெள்ளாம பாக்குறேன், கலெக்டரு தோத்தாரு” என்று தன்னையே வைதுகொள்வார். கோயம்புத்தூரில் இருக்கும் மகன், ஒரு டாக்டரிடம் கேட்டுவிட்டு டப்பை வாங்கி அனுப்பினார்.

மாட்டின அன்றைக்கு எட்டிப் பார்த்த அக்கா, “கோழிய உரிக்க முக்குற மாதிரி முக்கப் போறீகளாக்கும்” என்றார். டப் விற்கிற கடையில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தேன். தண்ணீர் உடம்பைத் தாங்கும், முட்டிக்குப் பாரம் குறையும். சூட்டில் இறுகின சதை இளகும், ஜெட் பிடித்துவிடும். தேய்ந்த முட்டி புதுசாகாது, ஆனால் வலி தணிந்தால் மடக்க வரும். கால் மணி நேரம் போதும்.

“எம்புருசன் தாங்காத ஒடம்ப தண்ணி தாங்குதாம்ல. பாப்போம்” என்று இறங்கினார். அதற்கப்புறம் தினமும் இறங்கியிருக்கிறார்.

இம்புட்டு பேசினவன், ‘வெந்நியில எப்படிக்கா குளிப்பீக’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொழிலுக்குப் புதுசாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: மிஷினைப் பற்றிப் பேசுமுன் மனுஷரைக் கேளுங்கள். இப்போதெல்லாம் என் முதல் கேள்வியே, “வீட்ல எண்ணெய்க் குளியல் என்னைக்கு?” அன்றைக்கு டப்புக்கு லீவு.

நுரைக்கு நடுவில் நின்று டப் கடை முதலாளிக்குப் போன் போட்டேன். “கஸ்டமர் மிஸ்யூஸ்னு எழுதிட்டு வந்துருய்யா” என்று வைத்துவிட்டார். மகனுக்குப் போட்டேன். “அம்மாவுக்கு இதெல்லாம் சரிப்படாதுண்ணே. கழட்டி எடுத்துட்டுப் போயிருங்க.” ஸ்பீக்கரில் இருந்ததால் அக்காவுக்கும் கேட்டுவிட்டது. அப்போதுதான் நான் ஆரம்பத்தில் சொன்ன அந்த ‘எண்ண தேய்க்காம’ கேள்வியைக் கேட்டார். எப்போதும் இருக்கிற அதட்டல் அந்தக் குரலில் இல்லை.

“செத்த நேரம் பொறுங்கக்கா” என்று தண்ணீரை வடித்தேன். ஃபில்டரை உருவினால் தோசைக்கல்லைச் சுரண்டின மாதிரி மடிப்பெல்லாம் பிசுக்கு. கழுவி வைத்துவிட்டு, கழற்றின பம்பை மறுபடி பூட்டும்போது, எண்ணெய்க் கையிலிருந்து நட்டு வழுக்கி, துவைக்கிற கல்லுக்கு அடியில் உருண்டது. என் இன்னொரு கை பைப்புக்குள். “அக்கா, அந்த நட்டு” என்றேன், பக்கத்தில் நிற்கிற யாரிடமும் கேட்கிற பழக்கத்தில்.

அக்கா ஒரு கையால் டப் விளிம்பைப் பிடித்தார். ஆறு மாசமாக மடங்காத முட்டியை மெள்ள மடக்கிக் குத்தவைத்தார். கல்லுக்கடியில் துழாவி நட்டை எடுத்து என் கையில் வைத்தார். எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த வாக்கிலேயே, பூப்பறிக்கிற பெண்களை அதட்டுகிற அதே குரலில், “அந்த மடிப்புல இன்னும் பிசுக்கு இருக்கு பாரு, நல்லாத் தேயி” என்று என்னை வேலை வாங்க ஆரம்பித்தார்.