சீட்டுக்கு அடியில் பதினேழு எழுத்து

என் காரில் ஏறுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் காருக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். இறங்கும்போது இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். அறுபத்தாறு வயதில் இதைத் தினமும் நான்கு தடவை செய்கிறவனுக்கு யோகா வகுப்பு தேவையில்லை என்பது என் கட்சி. யோகாவுக்கு முன்னால் புத்தி தேவை என்பது என் மனைவியின் கட்சி.

சேலையூரில் எங்கள் காலனியில் ஓய்வு பெற்றவர்கள் எல்லாரும் உயரமான, வெள்ளை நிற, கியர் போட வேண்டாத கார்களுக்கு மாறிவிட்டார்கள். நான் மட்டும் தரையோடு பதுங்கிய ஒரு சிவப்புக் குட்டிக் காரை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பார்க்கச் சாதாரண ஹேட்ச்பேக்தான். நான்கு பேர் உட்காரலாம், பின்னால் இரண்டு அரிசி மூட்டை வைக்கலாம். ஆனால் அந்தச் சின்ன உடம்புக்குள், யாரோ ஒரு புண்ணியவான், தேவைக்கு மேல் பெரிய எஞ்சினை வைத்துத் தந்திருக்கிறான். ஸ்டியரிங்கில் சிவப்பு நூல் தையல். சஸ்பென்ஷன் மரப்பலகை மாதிரி. கேம்ப் ரோட்டில் ஒரு ரூபாய் நாணயத்தின் மேல் ஏறினால் பூவா தலையா என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாதம் வாங்கியது. வெளிநாடு கிளம்பிக்கொண்டிருந்த ஒரு சாஃப்ட்வேர்காரர் விற்றார். அதற்கு முன் முப்பத்து நான்கு வருடம் அரசு அலுவலகத்தில் என் வேலை, வருகிற விண்ணப்பங்களில் என்ன இல்லை என்று கண்டுபிடிப்பதுதான். எல்லாம் இருக்கும் விண்ணப்பத்தை நான் பார்த்ததே கிடையாது. அப்படியே காலம் தள்ளியவன், ஓட்டிப் பார்க்கிறேன் என்று அந்தக் காரை எடுத்து, இரண்டாவது கியரில் ஒரே ஒரு தடவை முழுதாக மிதித்தேன். முதுகு சீட்டில் போய் ஒட்டிக்கொண்டது. விலை பேசக்கூட மறந்துவிட்டேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டின் ஒரே கார் இதுதான். காய்கறிக்கும் இதுதான், கண் டாக்டருக்கும் இதுதான். சனிக்கிழமை திருநீர்மலைக்குப் போனால், மலையடிவாரத்தில் வேன்களுக்கு நடுவே, பெரியவர்கள் கூட்டத்தில் புகுந்த வாண்டு மாதிரி நிற்கும். இடது பக்கக் கண்ணாடியின் மூடி உடைந்தபோது பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் மூன்று வாரம் தேடினேன். நான்காவது வாரம், பழைய மிக்ஸி ஜாடிகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவே, அதே சிவப்பில், அதே இடது பக்கத்துக்கு ஒன்று கிடைத்தது. வேலையில் பதவி உயர்வு வந்தபோதுகூட நான் அப்படித் துள்ளியதில்லை.

என் மனைவி ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். நாங்கள் முன்பு வைத்திருந்த பழைய காரைப் பல வருடம் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப்போனவள். இந்தக் கார் வந்தபின் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. வந்த புதிதில் ஒரு தடவை கேட்டாள். கிளட்ச் கனமாக இருக்கும், உனக்கு வேண்டாம் என்று சொன்னேன். பிறகு கேட்கவில்லை. அவளுடைய லைசென்ஸை மட்டும், டாக்டர் சான்றிதழ் உட்பட, நாள் தவறாமல் புதுப்பித்து அவள் கைப்பையில் போட்டுவைப்பேன். நடைமுறை நடைமுறைதானே.

ஞாயிறு காலைகளில் வெளிவட்டச் சாலைக்குப் போவோம். லாரிகள் குறைந்த நேரத்தில் அந்தச் சாலை, அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இந்தக் காருக்குப் பொருந்தும். அவள் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சாலையைப் பார்க்காமல் கியர் மேல் இருக்கும் என் இடது கையையே பார்த்துக்கொண்டு வருவாள். பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வருடம் காருக்குப் பதினைந்து வயது முடிந்தது. அதற்குமேல் ஓட்ட வேண்டுமானால் வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஆய்வாளர் பார்த்துச் சரி என்றால் ஆர்.சி. என்கிற பதிவுச் சான்று இன்னும் ஐந்து வருடத்துக்கு நீளும். இல்லையென்றால் இல்லை. இதைக் கேட்டதும் என் மனைவி ஓர் ஒப்பந்தம் போட்டாள்.

"பாஸாச்சுன்னா வச்சுக்குங்க, நான் வாயே திறக்கமாட்டேன். ஆகலேன்னா வித்துட்டு, நான் சொல்ற ஆட்டோமேட்டிக் வண்டிதான். மறுபேச்சு இருக்கக் கூடாது."

உடனே ஒத்துக்கொண்டேன். மற்றவர்களின் குறைகளைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவனை எந்த ஆய்வு என்ன செய்துவிடும்? விண்ணப்பம், காப்பீடு, புகைச் சான்று, பசுமை வரி ரசீது எல்லாவற்றையும் இரண்டு நகல் எடுத்து, பக்க எண் போட்டு, முகப்பில் பொருளடக்கம் வைத்து, பச்சை நாடாவில் கோத்துக் கோப்பு தயாரித்தேன். அப்படி ஒரு கோப்பு என் மேசைக்கு வந்திருந்தால் நானே எழுந்து நின்றிருப்பேன்.

ஒரு சங்கதியை இங்கே சொல்லியாக வேண்டும். இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறி, காருக்குள் மிதியடி நனைகிற அளவுக்கு வந்துவிட்டது. கார்ப்பெட்டை மொட்டை மாடியில் காயப்போட்டுவிட்டு, துருப்பிடிக்காமல் இருக்கத் தரை முழுக்க ரப்பர் கலந்த கறுப்புப் பூச்சு அடிக்கச் சொன்னேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஷெட் வைத்திருக்கும் என் மெக்கானிக், என்னைவிடப் பத்து வயது சின்னவர், பூச்சுத் துப்பாக்கியோடு இடது பக்க சீட் அருகில் வந்ததும் நிறுத்தினார்.

"சீட்டாண்ட வோணாம் சார். அங்க எதுனா பொறிச்சிருப்பான். எப்பனா கேப்பானுங்க."

என்ன பொறித்திருக்கும், யார் கேட்பார்கள் என்றேன். சரியாகத் தெரியவில்லை, வண்டிக்கு வண்டி மாறும் என்றார். தெளிவில்லாத ஆட்சேபணையை ஏற்க இயலாது என்று சொல்லி, அந்த இடத்தில் மட்டும் இரண்டு கோட்டிங் அடிக்க வைத்தேன். மனிதர் தோளைக் குலுக்கிவிட்டு அடித்தார்.

காட்ட வேண்டிய நாள் வந்தது. மனைவியும் வருவேன் என்றாள். முடிவைத் தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம். ஆய்வு மைதானத்தில் ஆட்டோக்களும் சரக்கு வேன்களும் வரிசையாக நிற்க, நடுவில் எங்கள் சிவப்பு வாண்டு. எனக்குள் தேர்வு எழுதப் போகிறவனின் குறுகுறுப்பு. எழுதிக் கிழிக்கப் போகிறவனின் தெம்பும்தான்.

ஆய்வாளர் காக்கி உடையில் ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். கோப்பின் பொருளடக்கத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, எந்த டிபார்ட்மென்ட் சார் என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். விளக்கு, இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் எல்லாம் வரிசையாகத் தேறின. அந்த மரம் வரைக்கும் வேகமாக ஓட்டிப்போய் பிரேக் பிடியுங்கள் என்றார். எட்டு வருடமாக இப்படி ஓர் உத்தரவை அரசாங்கம் எனக்குப் போடாதா என்று காத்திருந்தவன் நான். மிதித்தேன். எஞ்சின் ஒரு குரல் கொடுத்தது, பாருங்கள், வரிசையில் பீடி பிடித்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரர்கள் எல்லாரும் திரும்பினார்கள். மரத்துக்கு முன்னால் ஆணி அடித்தாற்போல் நின்றது. திரும்பி வந்தபோது ஆய்வாளர் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வண்டிய நல்லா வச்சிருக்கீங்க சார். சேஸிஸ் நம்பர் மட்டும் பார்த்துடலாம்."

நான் பானெட்டைத் தூக்கி, உள்ளே ரிவெட் அடித்திருந்த தகட்டை விரலால் காட்டினேன். அவர் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"தகட்ட யார் வேணா மாத்தலாம் சார். பாடியில பஞ்ச் பண்ணிருப்பாங்க. இந்த மாடலுக்கு லெஃப்ட் சீட்டுக்கு அடியில வரும்."

மெக்கானிக் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சீட்டைப் பின்னால் தள்ளி, தரைக் கார்ப்பெட்டின் மடிப்பைத் தூக்கினேன். அடியில் புது தார் ரோடு மாதிரி வழவழவென்று கறுப்பு. எண்ணும் இல்லை, எழுத்தும் இல்லை. நான் மேற்பார்வை செய்த வேலை அல்லவா, ஓர் ஊசிமுனை அளவுகூட இடைவெளி விடாமல் நேர்த்தியாக இருந்தது.

"நம்பரே தெரியலன்னா நான் எந்த வண்டிக்கு சார் கையெழுத்துப் போடறது?"

முப்பத்து நான்கு வருடம் நான் கேட்ட கேள்வி அது. எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்க அவ்வளவு நன்றாக இல்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மீதி வண்டிகளைப் பார்த்து முடிக்க மதியம் ஒரு மணி ஆகும். அதற்குள் தெரிந்தால் பார்க்கிறேன், இல்லையென்றால் நிராகரிப்புதான் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆட்டோவுக்குப் போய்விட்டார்.  ஒப்பந்தப்படி என் மனைவி ஜெயித்துவிட்டாள், ஒரு மணி அடிக்க வேண்டியதுதான் பாக்கி.

சாவியின் முனையால் சுரண்டலாம் என்று குனிந்தவன், எதற்கும் மெக்கானிக்கைக் கேட்டுவிடலாம் என்று போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் ஸ்பானரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அன்று நான் சொன்னதை நினைவுபடுத்தாமல் இருக்க அந்த மனிதர் எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

"இரும்பு எதுவும் வச்சிடாத சார். ஒரு கீறல் வுழுந்தா நம்பர நீயே மாத்திக்கினன்னு சொல்லிடுவாங்க. பெயின்ட் கரைக்கிற தின்னர் வோணும். நா எட்தாந்தா ஒரு மணிக்கு மேல ஆய்டும்."

போனைக் காதில் வைத்தபடி காரின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தேன். அப்போது என் மனைவி, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்.

"ஸ்கூல் வாசல்ல தார் போட்டப்போ பிள்ளைங்க கால்ல ஒட்டிக்கிட்டு வரும். தேங்காய் எண்ணெய்தான் தடவுவோம். ஊறினா வந்துரும்."

மெக்கானிக்கிடம் சொன்னேன். எண்ணெய் நல்ல யோசனைதான், வெயிலில் வைத்து நன்றாக ஊறவிட்டு, மரக்குச்சியால் மட்டும் தள்ள வேண்டும் என்றார். எதிர்ப் பெட்டிக்கடையில் தேங்காய் எண்ணெய் பாக்கெட் ஒரு சரம் தொங்கியது. அதை வாங்கிக்கொண்டு, கடைக்காரரிடம் ஐஸ்கிரீம் குச்சி நாலு கேட்டேன். எதற்கு என்றார். அரசு வேலை என்றேன்.

கதவைத் திறந்து வெயில் உள்ளே விழுகிற மாதிரி காரைத் திருப்பி நிறுத்தினோம். மனைவி எண்ணெயை ஊற்றிவிட்டு, தொடாதீங்க, பொறுங்க என்றாள். வெளியே ஆட்டோக்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருந்தன. கால் மணி கழித்து அவளே குச்சியை எடுத்து ஓரத்தில் தள்ளினாள். கறுப்பு லேசாகச் சுருண்டது. இன்னும் எண்ணெய். இன்னும் ஒரு தள்ளு. மொத்தம் பதினேழு எழுத்துகளில் முதலில் தெரிந்தது ஓர் 'எம்'. நான் கத்தியே விட்டேன். அவள் என்னைக் கண்டுகொள்ளாமல், முன்பு பிள்ளைகளின் சிலேட்டைத் துடைத்த அதே பொறுமையோடு, அடுத்ததைத் தேய்த்தாள். ஒவ்வோர் எழுத்தாக அவள் வெளியே கொண்டுவர, நான் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுச் சத்தமாக வாசித்தேன். ஒன்பதாவது எழுத்தில் பக்கத்து ஆட்டோக்காரர் வந்து குனிந்தார். பன்னிரண்டில் இன்னும் இரண்டு பேர். "கடேசி நாலு நம்பர்தான் சார்," என்று ஒருவர், லாட்டரிக் குலுக்கல் பார்க்கிறவர் மாதிரி, என் தோளைப் பிடித்துக்கொண்டார். கடைசிக்கு முந்தைய எண் மூன்றா எட்டா என்று தெரியவில்லை. மனைவி முந்தானை நுனியால் துடைத்தாள். எட்டு. ஆர்.சி.யிலும் எட்டு.

ஆய்வாளர் வந்தபோது ஒரு மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. குனிந்து, எண்ணெய் மினுங்கிய அந்தப் பதினேழையும் விரலால் தொட்டுப் பார்த்தார். மேலே காகிதம் வைத்து பென்சிலால் தேய்க்கச் சொன்னார். அதையும் என் மனைவியே தேய்த்தாள். காகிதத்தில் எழுத்துகள் வெள்ளையாக எழும்பி வந்தன. அதை ஆய்வாளர் என் கோப்பில் சேர்த்து, பொருளடக்கத்தில் தன் கையாலேயே ஒரு வரி கூட்டி எழுதிவிட்டு, கையெழுத்துப் போட்டார்.

"அஞ்சு வருஷம் சார். அம்மாவுக்குத் தேங்க்ஸ் சொல்லுங்க."

சொல்லத்தான் திரும்பினேன். அவள் ஓட்டுநர் பக்கக் கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். எண்ணெய்க் கையை அழுத்தித் துடைத்துவிட்டு நீட்டினாள்.

"சாவி."

எதற்கு என்று கேட்டேன்.

"லைசென்ஸ் செல்லும்தானே? நீங்கதானே புதுப்பிச்சீங்க."

செல்லும். தேதிகூட எனக்கு மனப்பாடம். அப்படியானால் அந்த ஆட்டோமேட்டிக் எதற்கு என்றேன். அதையாவது ஓட்டக் குடுப்பீங்கன்னுதான் என்றாள்.  சாவியைக் கொடுத்தேன்.

அவள் காருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக உள்ளே இழுத்துக்கொண்டாள். இத்தனை வருடம் நான் செய்ததைவிடச் சுத்தமாக இருந்தது. நான் அவள் இடத்தில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வாங்கிக்கொண்டேன். மைதான வாசலின் வேகத்தடை மேல், அடி தட்டாதபடி கோணலாக, ஒரு சக்கரத்துக்குப் பின் ஒரு சக்கரமாக ஏற்றி இறக்கினாள். அதை நான் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல், நேராக வெளிவட்டச் சாலைக்குப் போனாள்.

சாலை காலியாகக் கிடந்தது. என் கண் தானாகவே கியர் மேல் இருந்த அவள் இடது கைக்குப் போயிற்று. இரண்டாவது கியர். முழுதாக மிதித்தாள். என் முதுகு சீட்டில் போய் ஒட்டிக்கொண்டது. எஞ்சின் அந்தக் குரலைக் கொடுத்தது. மூன்றாவது கியருக்கு அவள் கை வெண்ணெயில் போவது போலப் போயிற்று.

"கிளட்ச் ஒண்ணும் கனமா இல்லியே," என்றாள்.