பால் நிறத்தில் வந்த தண்ணீர்

அய்யலூருக்குத் தெற்கே ஒரு சின்ன ஊராட்சியில் முத்துப்பேச்சி டேங்க் ஆபரேட்டர். வயது நாற்பத்தொன்று. காலையில் மோட்டார் போடுவது, தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுவது, தெருத் தெருவாக வால்வு திறப்பது இதெல்லாம் அவள் வேலை. கடைசித் தெருக் குழாயில் தண்ணீர் பிடித்து, சோதனைக் குப்பியில் இரண்டு சொட்டு மருந்து விடுவாள். மஞ்சள் தட்டினால் குளோரின் அதுவரை வந்திருக்கிறது என்று அர்த்தம்.

போன கோடையில் பழைய போர்வெல் வற்றியதால் எழுநூறு அடியில் புதிதாகப் போட்டார்கள். தண்ணீர் நன்றாகத்தான் வந்தது. ஆனால் அழுகிய முட்டை நாற்றம். பவுடர் போட்டால் போய்விடும் என்று வழக்கமான அளவைக் கரைத்து ஊற்றினாள். நாற்றம் குறைந்தது. தண்ணீரோ வெள்ளையாகக் கலங்கிவிட்டது.

"மதினி, இதுல டீ போட்டா பாலே வேணாம் போலருக்கே! அம்புட்டுப் பவுடரையும் கொட்டிட்டியா?" என்று கேட்டார் டீக்கடை அய்யனார்.

ஊரே அதைத்தான் சொன்னது. அளவைக் குறைக்கச் சொல்லி ஊராட்சி எழுத்தரும் போன் போட்டார். குறைத்தாள். வெள்ளை அப்படியே இருந்தது, நாற்றமும் திரும்பி வந்தது.

கோபத்தை விட அவளுக்குக் குழப்பம்தான் அதிகம். பவுடர் கூடிப்போயிருந்தால் சோதனைக் குப்பி கரு மஞ்சளாக அல்லவா மாற வேண்டும்? துளி நிறம்கூட ஏறவில்லையே. போட்ட குளோரின் எங்கே போகிறது?

மூன்று கண்ணாடிக் குப்பிகளை எடுத்தாள். ஒன்றில் அடிபம்புத் தண்ணீர். ஒன்றில் புதுப் போரில் அப்போதுதான் பிடித்த தண்ணீர். மூன்றாவதிலும் புதுப் போர்த் தண்ணீர்தான், ஆனால் குடத்துக்குக் குடம் இருபது தடவை உயரத் தூக்கி ஊற்றி, அகலச் சட்டியில் மத்தியானம் முழுக்க ஆறவிட்டது. மூன்றிலும் பவுடர் கரைசலில் மேலே தெளிந்த நீரை ஒரே அளவு விட்டாள். இரண்டாவது மட்டும் கண்ணெதிரே வெளுத்தது. மற்ற இரண்டும் தெளிவாக இருந்தன, சொட்டு மருந்துக்கு மஞ்சளும் காட்டின.

மறுநாள் குப்பிகளோடு திண்டுக்கல் பஸ் ஏறினாள். மூடி சரியாக இறுகாததால் பக்கத்து சீட்டுக்காரர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

தண்ணீர் சோதிக்கும் ஆய்வகத்தில் சத்யபிரியா என்ற பெண் இருந்தார். குப்பியை முகர்ந்ததுமே சிரித்துவிட்டார். "இது ஹைட்ரஜன் சல்ஃபைடு, அக்கா. கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த வாயு. குளோரின் போனதும் அந்த ஹைட்ரஜனைப் பறிச்சுக்கும். தனியா நின்ன கந்தகம் பொடிப்பொடியா மிதக்குது. நீங்க பாக்குற வெள்ளை அதுதான்."

"பறிச்ச குளோரின் என்னவாகும்?"

"ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆயிரும்."

"ஆசிட்டா? ஊருக்கு நான் ஆசிட்டா தெறந்து விட்டேன்?"

"ரொம்பத் துளியூண்டுக்கா. நம்ம வயித்துல சுரக்குறதும் அதே அமிலம்தான். உங்க ஊர்த் தண்ணில இருக்குற கார உப்பே அதை அடக்கிரும். ஆனா குளோரின் இதுலயே தீந்து போகுது பாருங்க, அப்புறம் கிருமியை யாரு கொல்றது? மூணாவது குப்பில நீங்க செஞ்சீங்கள்ல, அதையே தொட்டியிலயும் செய்யுங்க. காத்து பட்டா வாயு பறந்துரும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, மூடியைத் தெறந்து தலையை உள்ள நீட்டிராதீங்க. அது விஷ வாயு."

ஊருக்கு வந்ததும் பிளம்பர் ஜெரோமைக் கூப்பிட்டாள். தொட்டிக்குள் தண்ணீர் கொண்டுவரும் குழாய் நீருக்குள் முங்கியிருந்தது. அதை மேலே நிமிர்த்தி, துளை போட்ட நீளக் குழாய் ஒன்றை மாட்டச் சொன்னாள். காற்றுப் போக வலை வைத்த சன்னல்களும் வைத்தார்கள். தண்ணீர் மழையாகக் கொட்டியது. இரண்டு நாள் நாற்றத்தில் தொட்டிப் பக்கம் யாராலும் போக முடியவில்லை. மூன்றாம் நாள் கடைசித் தெருக் குழாயில் கண்ணாடி மாதிரி தண்ணீர் வந்தது. சொட்டு மருந்து விட்டாள். மெல்ல மஞ்சள் ஏறியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த வாரம் பக்கத்து ஊராட்சி ஆபரேட்டர் சடையாண்டி போன் செய்தார்.

"தங்கச்சி, இங்க பவுடர் போட்டா தண்ணி செவப்பா மாறுதும்மா."

"செவப்பாவா? போடுறதுக்கு முன்னாடி தெளிவா இருக்கா?"

"தெளிவாத்தான் இருக்கு."

"கொட்டிராதீங்கண்ணே. அந்தத் தண்ணிக்குள்ளயும் ஏதோ ஒண்ணு கரைஞ்சு கெடக்கு. பவுடர் போடாத தண்ணில கொஞ்சம் பிடிச்சு வைங்க. இந்தா வாரேன்."