ஜவ்வாது மலையிலிருந்து கட்டை கட்டி இறங்கிய கதை

பஸ் வராத ரோடாகப் பார்த்து சைக்கிள் ஓட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆசை என்று கௌரவமாகச் சொல்கிறேன், பயம் என்பதுதான் சரி. டாக்டர் என் தொப்பையை இரண்டு விரலால் தட்டிப் பார்த்துவிட்டு சைக்கிள் மிதிக்கச் சொல்லியிருந்தார். திருவண்ணாமலையில் மிதிப்பதென்றால் செங்கம் ரோடுதான். ஆசிரமம் போய்ச் சேருவதற்குள் நாலு பஸ் என் முழங்கையை உரசிக்கொண்டு போகும். ஒவ்வொரு தடவையும் இறங்கிப் புளியமரத்தைக் கட்டிக்கொண்டு நிற்பேன். அங்கே நடமாடும் வெள்ளைக்காரர்கள் இதையும் ஒரு வழிபாடு என்று நினைத்து, அதே மரத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

எண்பதாம் வருஷப் பொங்கல் விடுமுறைக்கு என் சகலை சம்பந்தம் ஒரு யோசனை கொண்டுவந்தார். சகலை சன்னதித் தெருவில் பூஜை சாமான் கடை வைத்திருப்பவர். செங்கம் தாண்டி ஜவ்வாது மலைக்கு ஏறும் காட்டு ரோட்டில் பஸ்ஸும் கிடையாது, லாரியும் கிடையாது. மேலே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் அவருக்குத் தெரிந்த வாத்தியார் இருக்கிறார். ஒரு ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் இறங்கிவிடலாம்.

என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. "அந்த மலைக்கா? சந்தனக்கட்டை திருடறவன்லாம் சைக்கிள்லதான் கடத்தறானாம். உங்களப் புடிச்சி உள்ள வெச்சிட்டான்னா உத்தியோகம் போயிடும், அவ்ளோதான்."

அவள் சொன்னது வெறும் மிரட்டல் இல்லை. நான் சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா. இரண்டு நாள் லாக்கப்பில் இருந்தால் சஸ்பெண்ட் தானாக வந்து சேரும். எங்கள் மேனேஜருக்கு என் மேல் ஏற்கெனவே பிரியம் கம்மி. வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள். போகும் வழியெல்லாம் புலி, கரடியை விட அந்த சஸ்பெண்ட் ஆர்டர்தான் என் கண் முன்னால் வந்துகொண்டிருந்தது.

சகலையிடம் சொந்த சைக்கிள், நல்ல பிரேக்கோடு. எனக்கு வாடகை சைக்கிள், ஒரு நாளைக்கு மூன்று ரூபாய், மலை என்றதும் மூன்றரை. பிரேக்கை அழுத்திப் பார்த்தேன். க்ரீச்சென்று சத்தம் வந்தது, சக்கரம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"ஏர்றதுக்கு பிரேக் எதுக்கு சார்?" என்றார் சைக்கிள் கடைக்காரர். "எறங்கறப்ப கேரியர்ல கயிறு கட்டி, பின்னாடி ஒரு கட்டையப் போட்டு இழுத்துக்கினு வாங்க. வெறகு கொண்டார்றவங்க அப்டித்தான் எறங்குவாங்க. கட்டை ரோட்ல தேயத் தேய வண்டி ஓடாது."

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். செங்கம் முப்பத்தைந்து கிலோமீட்டர், எட்டே கால் ஆயிற்று. அங்கே இட்லியும் டீயும் இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டு ரூபாய்க்குள். பிறகு பன்னிரண்டு கிலோமீட்டர் செய்யாற்றை ஒட்டிய மண்ரோடு. தை மாதமென்பதால் ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர், ஓரமெல்லாம் நாணல், கடலைக்கொல்லைகளில் ஆட்கள். அந்த ஒரு மணி நேரம் நான் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தேன் என்பதைப் பதிவு செய்துவிடுகிறேன்.

காடு தொடங்கியதும் ஆள் நடமாட்டம் நின்றுவிட்டது. மேலே பதினெட்டு கிலோமீட்டர், அதில் முக்கால்வாசி தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். இரண்டு பக்கமும் மூங்கில். காற்றடித்தால் மூங்கில் ஒன்றோடொன்று உரசி, கதவைத் திறப்பது போலச் சத்தம் வரும். யார் திறக்கிறார்கள் என்று ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தேன். ஒரு பஸ் வராதா என்று ஏங்கினேன். ரோட்டில் கரடி போட்டுவிட்டுப் போயிருந்ததைச் சகலை குனிந்து ஆராய்ந்து, "பழசுதான் சகலை, பயப்படாதீங்க" என்றார். பூஜை சாமான் கடைக்காரருக்கு அதெல்லாம் எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்.

மாலை நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வாத்தியார் சாமைச் சோறும் கீரையும் போட்டார். போன வாரம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வந்த சிறுத்தையைப் பற்றியும் சொன்னார். சோறு நன்றாக இருந்தது.

மறுநாள் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு இறங்க ஆரம்பித்தோம். முதல் வளைவிலேயே சைக்கிள் என்னை விட்டுவிட்டுப் போகப் பார்த்தது. இரண்டு செருப்பையும் ரோட்டில் தேய்த்து, கடைசியில் ஒரு புதரில் போய் நின்றேன். அந்தப் பக்கம் பள்ளம். கீழே செய்யாறு ஒரு வெள்ளை நூல் மாதிரி தெரிந்தது.

"கட்டை கட்டணும் சகலை, இருங்க" என்று சம்பந்தம் காட்டுக்குள் போனார். உடனே திரும்பி வந்தார். சருகுக்குள் புதைந்து கிடந்ததாம், தொடை கனத்தில் நாலடிக் கட்டை, மண் அப்பிய தோலோடு. யாரோ நமக்காகவே வெட்டி வைத்த மாதிரி இருக்கிறது என்று அவரே சொன்னார். நல்ல கனம். கயிற்றில் கட்டினோம். அதற்குப் பிறகு சைக்கிள் மாப்பிள்ளை ஊர்வலம் போல இறங்கியது.

மூன்று கிலோமீட்டர் வந்திருப்போம். எனக்குப் பின்னாலிருந்து ஒரு வாசனை. கோயில் வாசனை. நடுக்காட்டில்.

"சகலை, உங்களுக்கு ஏதாவது வாசனை வருதா?"

வாழ்நாளெல்லாம் அந்த வாசனையிலேயே உட்கார்ந்திருக்கும் மூக்கு, அவருக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு முகம் மாறிவிட்டது. "சந்தனம்! சுத்தமான சரக்கு. நம்ம கடைக்கு இந்த மாதிரி வந்ததே இல்ல."

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மலை சுற்றும்போது ஆள் இல்லாத இடத்தில் திடீரென்று சந்தனமோ மல்லிகையோ மணந்தால், சித்தர் ஒருவர் கூடவே நடக்கிறார் என்று அர்த்தம். திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் என்ன ஆகும் என்பது தெருவுக்குத் தெரு மாறும், எதுவும் நல்லதாக இருக்காது.

"திரும்பாதீங்க சகலை," என்றார் சம்பந்தம். "கூடவே வர்றாரு."

நான் திரும்பவில்லை. சித்தர் மெல்ல நடப்பார் என்று வேகமாகப் போனேன், வாசனை அதிகமாயிற்று. மெதுவாகப் போனேன், அப்போதும் கூடவே வந்தது. சட்டையெல்லாம் வியர்வை. சம்பந்தம் தனக்குத் தெரிந்த தேவாரத்தையெல்லாம் கலந்து கட்டிப் பாடிக்கொண்டு வந்தார். இப்படியே இன்னும் மூன்று கிலோமீட்டர்.

அடுத்த வளைவில் மூங்கில் கழி குறுக்கே கிடந்தது. காட்டிலாகா செக்போஸ்ட். நேற்று வரும்போது இங்கே யாருமில்லை. இன்று காக்கிச் சட்டையில் இரண்டு கார்டுகள்.

"யோவ், நில்லு! இன்னாய்யா பின்னாடி?"

எனக்கு முன்னால் சகலை கை கூப்பிவிட்டார். "சித்தருங்க. மேலேர்ந்து கூடவே வர்றாரு."

மூத்த கார்டு குனிந்து, கட்டையின் தேய்ந்த அடிப்பக்கத்தைத் தடவி, விரலை முகர்ந்தார். வெளியே வெளுப்பாக இருந்த மரம் தேய்ந்துபோய், உள்ளே மஞ்சளாக ஒரு கை அகலத்துக்கு வைரம் பாய்ந்த பகுதி தெரிந்தது. "அப்டியா? சரி, அந்தச் சித்தரை அவுத்து இங்க போடு."

என் கண் முன்னால் யாரோ ஆபீஸ் கதவைச் சாத்திப் பூட்டினார்கள்.

"இது என்னுது இல்லீங்க," என்றேன்.

"உன் கேரியர்லதானே கட்டியிருக்கு? இன்னா வேலை பண்றே?" சொன்னேன். குமாஸ்தா என்றதும் இளைய கார்டு விசில் அடித்தார். "நீ?" என்று சகலையைப் பார்த்தார் மூத்தவர்.

"பூஜை சாமான் கடைங்க. சன்னதித் தெரு. சந்தன வில்லை, சந்தனத் தூள், எல்லாம் நம்மகிட்ட நயமா..." கடைக்காரர் குணம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. கடைசி வார்த்தையில்தான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கே உறைத்தது.

எங்களைக் குடிசைக்குள் உட்கார வைத்துவிட்டு ரேஞ்சருக்கு ஆள் போயிற்று. நான் மனசுக்குள் மேனேஜருக்கு விளக்கக் கடிதம் எழுத ஆரம்பித்தேன். "மேற்படி கட்டையானது சித்தர் என்று கருதப்பட்டதால்" என்பதற்கு மேல் ஓடவில்லை.

"சித்தர் காப்பாத்துவாரு, சகலை" என்று காதோரம் சொன்னார் சம்பந்தம்.

"உங்க சித்தர்தான் அங்க சாட்சிப் பொருளா கெடக்கறாரு. பேசாம இருங்க."

ரேஞ்சர் ஜீப்பில் வந்தார். கட்டையைப் பார்த்தார். கையைக் காட்டச் சொன்னார். என் உள்ளங்கையை அழுத்திப் பார்த்தவர், "கோடாலி புடிச்ச கையா இது? பேனாவே கஷ்டப்பட்டுத்தான் புடிக்கும்போல" என்றார். அவ்வளவு இனிமையான வசவை நான் ஆபீஸில்கூடக் கேட்டதில்லை. பிறகு வெளியே போய் ரோட்டைப் பார்த்தார். மண்ணில் கட்டை கிழித்த கோடு வளைவைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது. கார்டுகளிடம், "ஜீப்ப எடுத்துக்கினு அந்தக் கோட்டைப் புடிச்சிக்கினே போங்க. எங்க முடியுதுன்னு பாருங்க" என்றார்.

அவர்கள் திரும்பி வர ஒன்றரை மணி நேரம். வந்தவர்கள் ஆளுக்கொரு கட்டையோடு ஜீப்பிலிருந்து இறங்கினார்கள். எங்கள் கட்டை எடுத்த இடத்திலேயே சருகுக்கடியில் இன்னும் ஏழெட்டு இருக்கிறதாம், பக்கத்தில் அவசரமாக மண்ணில் தேய்த்து அணைத்த முக்கால் பீடி. திருடர்கள் நாங்கள் கட்டை எடுத்தபோது அங்கேயே எங்கேயோ ஒளிந்திருந்திருக்கிறார்கள். இதைக் கேட்டதும் நான் நகர்ந்து ரேஞ்சர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

ரேஞ்சர் சிரித்தேவிட்டார். "சந்தனத்தைத் திருடறவன் கொழந்தை மாதிரி தூக்கிக்கினு வருவான். ஆறு கிலோமீட்டர் ரோட்டுக்குச் சந்தனம் பூசிக்கினு வர்றவன் திருடனா இருக்க முடியாது. போங்கய்யா."

"சார், பிரேக் இல்ல," என்றேன், அழாத குறையாக.

அவர் விறகுக் குவியலிலிருந்து ஒரு கட்டையை எடுக்கச் சொல்லி, அதில் இலாகா சுத்தியலால் ஓங்கி முத்திரை அடித்துக் கொடுத்தார், கீழே இன்னொரு செக்போஸ்ட் இருக்கிறதே. அதை இழுத்துக்கொண்டு இறங்கினோம். செங்கத்தில் சைக்கிள்களைப் பஸ் மேலே ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். பஸ்ஸை அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தாய் மாதிரி பார்த்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: தை, மாசி நல்ல மாதங்கள். தண்ணீர் மலையேறும் முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள், பஞ்சர் சாமான் அவசியம். காட்டிலாகா ஆபீஸில் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். கட்டை வேண்டுமென்றால் கேட்டு வாங்குங்கள், முத்திரை விழுந்திருக்கிறதா என்று பார்த்துக் கட்டுங்கள். காட்டில் கிடக்கும் எதையும், அது எவ்வளவு தோதாகக் கிடந்தாலும், தொடாதீர்கள். கடைக்காரர் யாரையாவது கூட்டிப்போனால் வாய்க்கு ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். மேனேஜர் மாற்றலாகிப் போய்விட்டார், அதனால்தான் இதையெல்லாம் இப்போது எழுத முடிகிறது.

அவர் மாற்றலாவதற்கு முன், பயணம் முடிந்த மறு வாரம், ஆபீஸில் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மண்டப வாசலில் ஒரு பெண் சந்தனக் கிண்ணத்தை நீட்டி, "எடுத்துக்குங்க சார்" என்றாள். எனக்குக் கை இரண்டும் தானாகப் பின்னால் போய்விட்டன. "இது என்னுது இல்லம்மா" என்கிறேன். பின்னால் நின்ற மேனேஜர், "இன்னாய்யா, சந்தனத்தைப் பார்த்து இப்டி நடுங்கறே?" என்றார்.

"அலர்ஜிங்க சார்," என்றேன்.