அலுமினியத்துக்கு நேரே பூஜ்யம்

சிவகாசிக்கு வெளியே உள்ள ஒரு பெண்கள் கல்லூரியில், வேதியியல் ஆய்வக உதவியாளராக அழகுமீனா சேர்ந்தபோது அவளுக்கு முப்பத்து நான்கு வயது. சோதனைக் குழாய்களைக் கழுவுவது, பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டுவது, செய்முறை வகுப்பில் கேட்டதை எடுத்துக் கொடுப்பது, இவைதான் அவளுடைய வேலை. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பிரிவு படித்தவள் என்பதால் எந்த பாட்டிலில் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அதற்கு மேல் படிக்கும் முன்பே கல்யாணமாகித் தாயில்பட்டிக்கு வந்துவிட்டாள்.

கணவன் முனியராஜ் பட்டாசுக் கம்பெனியில் மருந்து, அதாவது வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பவுடரும் சேர்ந்த வெடிமருந்து, கலக்குகிறவன். நிதானமான ஆள். வேலைக்குப் போகும்போது சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவான், ஒரு ஊக்குகூட இருக்கக் கூடாது அவனுக்கு. ஒரு புரட்டாசி மாதம், தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தபோது, காலை ஏழரை மணிக்கு மருந்து அறை வெடித்தது. உள்ளே இருந்தவர்கள் இரண்டு பேர். முனியராஜும், அதே ஊர்க்காரரான வெள்ளைத்துரையும். இரண்டு பேருமே பிழைக்கவில்லை.

"முனியராஜ் வாளியைத் தரையில் வைத்து இழுத்திருக்கிறான். உராய்வில் பற்றிவிட்டது" என்று கம்பெனியில் சொன்னார்கள். அதைப் பார்த்த ஆள் உயிரோடு இல்லை. ஆனால் சொன்னது நிலைத்துவிட்டது. துக்க வீட்டில் வெள்ளைத்துரையின் மனைவி பேச்சியம்மாள் எல்லார் முன்னாலும் கத்தினாள்: "ஒம் புருசன் கையாலதான்டி எம் புருசன் போனாரு!" அதன்பிறகு ஒரே குழாயடியில் நின்றாலும் பேச்சியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இப்படி ஆறு வருஷம் ஓடிவிட்டது.

அழகுமீனாவால் மறுத்துப் பேசவும் முடியவில்லை. காரணம் அவளுக்கு மட்டும் தெரிந்தது. அன்று விடிகாலையில் வீட்டில் சண்டை. அவளுடைய அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. ஒரு நாள் லீவு போடச் சொன்னாள். சீசனில் எப்படி லீவு போடுவது என்று அவன் கேட்டான். வார்த்தை தடித்தது. தட்டில் வைத்த இட்லியைத் தொடாமல் போய்விட்டான். மனசு சரியில்லாமல் போனவன் கை தவறியிருக்கும் என்று அவளும் நம்பினாள். கம்பெனி சொன்னதைவிட இது அவளை அதிகம் அரித்தது.

பர்வீன் அந்தக் கல்லூரியில் வேதியியல் பாடம் எடுக்க வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. விருதுநகர்க்காரி, அப்பாவுக்கு அங்கே மிளகாய் வற்றல் வியாபாரம். அழகுமீனாவைவிட ஏழு வயது இளையவள். அழகுமீனா அவளை மிஸ் என்பாள்; அவள் அழகுமீனாவை அக்கா என்பாள்.

ஒரு நாள் முதலாம் ஆண்டு மாணவிகளுக்குப் பர்வீன் ஆய்வகத்திலேயே பாடம் நடத்தினாள். உருவாதல் என்தால்பி. தனிமங்கள் சேர்ந்து ஒரு மோல் சேர்மம் உருவாகும்போது எவ்வளவு வெப்பம் உள்ளே போகிறது, அல்லது வெளியே வருகிறது என்பதற்கான கணக்கு. கரும்பலகையில் ஒரு பட்டியல் எழுதினாள். ஆக்சிஜன், பூஜ்யம். ஹைட்ரஜன், பூஜ்யம். அலுமினியம், பூஜ்யம். தண்ணீர், மைனஸ் இருநூற்று எண்பத்தாறு. அலுமினியம் ஆக்சைடு, மைனஸ் ஆயிரத்து அறுநூற்று எழுபத்தாறு. எல்லாம் கிலோ ஜூலில்.

தொட்டியருகே பீக்கர் கழுவிக்கொண்டிருந்த அழகுமீனா திரும்பிப் பார்த்தாள். அலுமினியத்துக்கு நேரே பூஜ்யம். கை அப்படியே நின்றது.

மாணவிகள் போன பிறகு கேட்டாள். "மிஸ், தப்பா நெனைக்காதீக. அலுமினியத்துக்கு எப்பிடி பூஜ்யம் போட்டீக? அதுல ஒண்ணுமே இல்லன்னா, எங்க வீட்டு ஆளக் கொண்டுபோனது எது?"

பர்வீனுக்கு அவள் கதை அரைகுறையாகத்தான் தெரியும். சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"அக்கா, வெம்பக்கோட்டை டேம்ல தண்ணி இன்னைக்கு பத்தடின்னு சொல்றோம்ல. எங்கனருந்து பத்தடி?"

"அளவுக் கல்லுல பூஜ்யம் போட்டிருக்குமே, அங்கனருந்து."

"அந்தப் பூஜ்யத்துக்குக் கீழ பள்ளமே இல்லையா?"

"ஏன் இல்லாம? சேறு கெடக்கும், தண்ணி கெடக்கும்."

"இதுவும் அப்பிடித்தான். உள்ள ஒண்ணும் இல்லன்னு அர்த்தமில்ல. எங்கனருந்து அளக்கணும்னு நாமளா வச்சுக்கிட்ட எடம். தனிமம் அது பாட்டுக்கு இருந்தா பூஜ்யம். அது ஆக்சிஜனோட சேந்து ஆக்சைடா மாறுனா ஆயிரத்து அறுநூத்து எழுவத்தாறு கீழ எறங்கிரும். எறங்குன அம்புட்டும் சூடா வெளிய வந்துரும். அதான் அந்த மைனஸ்."

அழகுமீனா தலையாட்டினாள். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது அந்த எண்ணை மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஆய்வகத்தின் சாமான் அறையில் ஒரு மூலை ஒழுக ஆரம்பித்தது. அழகுமீனா பாட்டில்களை இடம் மாற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே வந்த பர்வீன் பதறினாள். "அக்கா, மொத அந்த அலுமினியப் பவுடர் டப்பாவ எடுத்து மேல வைங்க. அதுல ஈரம் படக் கூடாது!"

"ஈரம் பட்டா நல்லதுதான மிஸ்? தீப்பிடிக்காதுல்ல."

"யாரு சொன்னா?"

பழைய ரெக்கார்டு நோட்டு ஒன்றின் பின்பக்கத்தில் பர்வீன் எழுதிக் காட்டினாள். இரண்டு அலுமினியம், மூன்று தண்ணீர். அது மாறினால் ஓர் அலுமினியம் ஆக்சைடு, கூடவே ஹைட்ரஜன். தண்ணீரைப் பிரிக்கச் செலவாகும் வெப்பம் மூன்று இருநூற்று எண்பத்தாறு, ஆக எண்ணூற்று ஐம்பத்தெட்டு. ஆக்சைடு உருவாகும்போது வருவது ஆயிரத்து அறுநூற்று எழுபத்தாறு. கழித்தால் மிச்சம் எண்ணூற்றுப் பதினெட்டு.

"தண்ணிக்குள்ள இருக்க ஆக்சிஜனைக்கூட அலுமினியம் பிடுங்கிக்கிரும்க்கா. பிடுங்குனது போக இம்புட்டுச் சூடு மிஞ்சும்."

"எங்க வீட்டுப் பாத்திரமெல்லாம் அலுமினியம்தான் மிஸ். தண்ணி கொதிக்க வைக்கிறோமே?"

பர்வீன் சிரித்தாள், அந்தக் கேள்வி அவளுக்குப் பிடித்திருந்தது. "நல்லாக் கேட்டீக. அலுமினியத்து மேல மெல்லிசா ஒரு ஆக்சைடு தோல் இருக்கு. அது காப்பாத்துது. பவுடர்னா பரப்பு அதிகம். கூட உப்பு ஏதாச்சும் கலந்திருந்தா அந்தத் தோலு அரிச்சுப்போகும். இந்தக் கணக்கு எம்புட்டுச் சூடு வரும்னுதான் சொல்லும். எப்ப வரும், வேகமா வருமா, வராமலே போகுமா, அதெல்லாம் சொல்லாது."

அழகுமீனா அந்தத் தாளைக் கேட்டு வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள்.

ஆறு வருஷத்துக்கு முன் வெடிச் சத்தம் கேட்டு கம்பெனிக்கு ஓடியபோது செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது அவளுக்கு நினைவிருந்தது. வெறுங்காலோடு ஓடினாள். சேறு என்றால் முந்தின நாள் மழை பெய்திருக்கிறது. ஆனால் மழை பெய்தது என்பதால் மருந்து நனைந்தது என்று ஆகிவிடாது. அறைக்குள் என்ன இருந்தது என்று முனியராஜ் அவளிடம் எதுவும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்தால் வேலையைப் பற்றிப் பேச மாட்டான். வெள்ளைத்துரை அப்படி இல்லை, வாய் ஓயாமல் பேசுகிறவர். அறைக்குள் நடந்ததை வீட்டில் பேச்சியம்மாளிடம் கட்டாயம் சொல்லியிருப்பார். மூன்று வாரம் தயங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பேச்சியம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

பேச்சியம்மாள் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

"என்ன வேணும்?"

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்க்கா. கேட்டுட்டுப் போயிருறேன். மருந்து ரூமு கூரை ஒழுகுச்சா அப்ப?"

கீரை உருவும் கை நிற்கவில்லை. "ஒழுகாம? மூணு நாளா ஒழுகுது, சொன்னா கேக்க மாட்டேங்காகன்னு பொலம்பிக்கிட்டே இருந்தாரு. எதுக்கு இப்ப?"

"உள்ள மருந்து இருந்துச்சா?"

"மிச்ச மருந்தெல்லாம் வாளியில மூடிக் கெடந்துச்சாம். சீசன் நேரம், எவன் எடுத்து வைக்கான்? மூடி இடுக்குல தண்ணி எறங்கி நனைஞ்சிருச்சு, காலைல சீக்கிரம் போயி வெயில்ல காயப் போடணும்னு ஒங்க வீட்டு ஆளத்தான் வந்து கூப்பிட்டுக் கூட்டிட்டுப் போனாரு." தனக்குத்தானே சொல்வதுபோல் தொடர்ந்தாள். "ரூமுக்குள்ள ஒரே நாத்தம்னாரு. மாட்டு மூத்திர நாத்தமாம். போர்மேன் கண்ணுச்சாமி, எவன்லே இங்கன ஒண்ணுக்கு இருந்தவன்னு சத்தம் போட்டாராம். வெடிச்சதுக்கு முந்துன ராத்திரி சோறு திங்கும்போது சொல்லிச் சிரிச்சாரு."

அழகுமீனா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். முனியராஜை வெள்ளைத்துரை வந்து கூப்பிட்டது அவளுக்குத் தெரியாது. சண்டை முடிந்து அவள் அடுப்படிக்குள் இருந்தாள். இட்லி தட்டிலேயே கிடந்தது கோபத்தாலா, அவசரத்தாலா? இனி யாரிடமும் கேட்க முடியாது.

"இத நீங்க யாருட்டயும் சொல்லலையாக்கா?"

"எதச் சொல்ல? தண்ணி ஊத்துனா நெருப்பு அணையும். மழை பெஞ்சு வெடிச்சிச்சுன்னு சொன்னா எவன் நம்புவான்?"

திங்கட்கிழமை பர்வீனிடம் கம்பெனி சொன்ன கதையையும், நனைந்து மூடிக் கிடந்த வாளியையும், அந்த நாற்றத்தையும் சொன்னாள். பர்வீன் பேனாவைத் திறந்தாள், எழுதவில்லை. "அமோனியா" என்றாள். வெடியுப்பும் அலுமினியப் பவுடரும் ஈரத்தில் சேர்ந்து கிடந்தால் அமோனியா வரும். அந்த நாற்றம் மாட்டுத் தொழுவத்தில் வருவதுபோல்தான் இருக்கும். அது வந்தது என்றால் வாளிக்குள் வினை ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

"அப்ப இவுக இழுத்ததுனால இல்லையா மிஸ்?"

"நான் அங்கன இல்லக்கா. ஒங்க வீட்டுக்காரரு இழுக்கலன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா அந்த வாளி யாரும் தொடாமலே பத்தியிருக்கலாம். இத எங்கன வேணும்னாலும் சொல்வேன்."

அழகுமீனா கழுவ வேண்டிய பீக்கர்களைத் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் திரும்பவே இல்லை. பர்வீன் கதவை மெல்லச் சாத்திவிட்டு வெளியே போய் நின்றாள்.

அன்று சாயங்காலம் மடித்த தாளோடு அழகுமீனா மறுபடி பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனாள். பேச்சியம்மாள் எட்டாவது வரை படித்தவள். நனைந்த மருந்து தானாகவே பற்றியிருக்கலாம் என்று கேட்டதும், "கணக்கப் போட்டுக் காட்டு" என்றாள். அழகுமீனா எழுதினாள்.

"மைனஸ்னா இல்லாததுதான?"

"இதுல அப்பிடி இல்லக்கா. வெளிய போன சூடு."

பேச்சியம்மாள் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். கழித்தலைத் தானே ஒருமுறை போட்டுப் பார்த்தாள். "சரி, இந்த எண்ணூத்துச் சொச்சமும் எங்கன போகும்?"

"தெறந்து பரத்திக் கெடந்தா காத்துல போயிரும். மூடுன வாளின்னா போக வழியில்ல. உள்ளயே ஏறிக்கிட்டே இருக்கும். ஏற ஏற வினையும் வேகமா நடக்கும்."

பேச்சியம்மாள் தாளைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு எழுந்து உள்ளே போய் இரண்டு தட்டு எடுத்து வந்தாள். "இருந்து சாப்பிட்டுப் போ" என்றாள்.

கூரை ஒழுகியதையும் மருந்து நனைந்ததையும் சொல்லி இருவரும் கம்பெனிக்கு ஒரு மனு எழுதினார்கள். பதில் வரவில்லை. அந்தக் கம்பெனியே பெயர் மாறியிருந்தது. கண்ணுச்சாமி எங்கேயோ வெளியூர் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதோடு விடாமல், அழகுமீனா கேட்டுக்கொண்டபடி பர்வீன் ஒரு பக்கத்தில் எளிய தமிழில் எழுதிக் கொடுத்தாள். மிச்ச மருந்தை அறையில் வைக்காதீர்கள். நனைந்த மருந்தை மூடி வைக்காதீர்கள். அறையில் மாட்டு மூத்திரம் போல் அமோனியா நாற்றம் அடித்தாலோ, வாளி சூடாக இருந்தாலோ தொடாமல் வெளியே வந்துவிடுங்கள். ஜெராக்ஸ் எடுத்து, கம்பெனி வேன்களில் ஏறும் பெண்களிடம் அழகுமீனாவும் பேச்சியம்மாளும் கொடுத்தார்கள். சிலர் படித்தார்கள். சிலர் அதில் வடையைச் சுற்றிக்கொண்டார்கள்.

பேச்சியம்மாள் அப்போது விஸ்வநத்தம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். அடுத்த புரட்டாசியில் ஒரு மழைநாள் காலை, மருந்து அறை வாசலிலேயே அவளுக்கு அந்த நாற்றம் அடித்தது. அவள் உள்ளே போகவில்லை. பக்கத்து அறைகளில் இருந்த பதினொரு பெண்களையும் நான்கு ஆண்களையும் சத்தம் போட்டு வெளியே இழுத்து, தூரத்து வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோனாள். அந்தக் கம்பெனிப் போர்மேன் வந்து ஏசினார். அவள் அசையவில்லை. மற்றவர்களும் அசையவில்லை. கடைசியில் அவர் மேனேஜருக்குப் போன் போட்டார்.

மத்தியானம் பேச்சியம்மாள் அழகுமீனாவை போனில் கூப்பிட்டாள். "ஒண்ணும் வெடிக்கல மீனா. எல்லாரும் என்னயப் பாத்துச் சிரிக்காக."

"நாத்தம்?"

"இப்ப இல்ல. கொறஞ்சிருச்சு."

"நீங்க வெளிய வந்ததே சரிக்கா. சிரிச்சாச் சிரிச்சிட்டுப் போறாக."

"நான் பொய் சொல்லலல்ல?"

"இல்லக்கா. எப்பன்னுதான் அந்தக் கணக்கு சொல்லாது."

மறுநாள் காலையில் அந்தப் பதினொரு பெண்களும் வழக்கம்போல் வேனில் ஏறினார்கள். ஒழுகிய மருந்து அறைக் கூரையில் இரவோடு இரவாகப் புதுத் தகடு போட்டிருந்தது.