நிர்மலா அக்கா எழுத மறுத்த வசனம்

செவ்வாய்க்கிழமை காலை மெட்ரோவில் போய்க்கொண்டிருந்தபோது ரவி அண்ணை அழைத்தார். “நிர்மலா போயிட்டா, தம்பி,” என்றார். அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி, வேலைக்குப் போகாமல் அவர்கள் வீட்டுக்கு நடந்தேன்.

நிர்மலா அக்கா யாழ்ப்பாணத்தில் பிறந்து, சுவிட்சர்லாந்தின் லுசேர்ணில் படித்து, ரவி அண்ணையைக் கலியாணம் செய்து லோசானுக்கு வந்தவர். ஜெர்மனிலிருந்து பிரெஞ்சுக்கு மொழிபெயர்ப்பது அவர் தொழில். எங்கள் சிறிய அலுவலகத்தில் எனக்கு எதிர்மேசை அவருடையது. சலவை இயந்திரக் கையேட்டைக்கூட இரண்டு தடவை வாசித்துத் திருத்துவார். சரியான சொல் அகப்படாவிட்டால் மிக்சரைக் கொறித்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருமுறை ஜெர்மனியில் மூடப்பட்ட ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் வேலை வந்தது. அதை அருங்காட்சியகமாக்கியிருந்தார்கள். பார்வையாளர்கள் காதில் மாட்டிக் கேட்கும் விளக்கவுரை பிரெஞ்சில் வேண்டுமாம். இடத்தைப் பார்க்க எங்கள் இருவரையும் அழைத்தார்கள்.

போன அன்று, வாகனத் தரிப்பிடத்துக்குப் பின்னால் சிறிய இடுகாடொன்றை அக்கா கண்டார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கிழக்கு ஐரோப்பிய நாடுகளிலிருந்து பிடித்துவந்து, சுரங்கத்தில் பட்டினியோடு வேலை வாங்கப்பட்டு இறந்தவர்கள் அங்கே கிடந்தார்கள். ஊரவர் நாட்டிய கல் அதைச் சொன்னது. அருங்காட்சியக உரையிலோ ஒரே ஒரு வசனம்: “போர்க்காலத்தில் பல நாட்டுத் தொழிலாளர்களும் இங்கே கைகொடுத்தார்கள்.”

மதிய விருந்து, தொழிலாளர்கள் கரி கழுவிக் குளித்த மண்டபத்தில். அவர்கள் உடுப்புத் தொங்கவிட்ட சங்கிலிகளில் கலியாண வீடுபோல அலங்கார விளக்குகள் எரிந்தன. கரிக்கட்டி போலச் செய்த கறுப்புக் கேக்கைச் சின்ன மண்வாரியில் வைத்துக் கொடுத்தார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டு படம் எடுத்தார்கள்.

“அந்தப் புதைகுழிகளைப் பற்றி ஏன் ஒன்றுமில்லை?” என்று நிர்வாகியிடம் அக்கா கேட்டார்.

“குடும்பங்கள் வரும் இடம், மேடம். சாப்பாட்டு நேரத்தில் அதெல்லாம் வேண்டாமே.”

அக்கா தட்டைத் தள்ளி வைத்தார். திரும்பும் ரயில் எல்லை நகரான பாசலைத் தாண்டியபின் சொன்னார்:

“பிடிச்சுக்கொண்டு வந்து சாகடிச்சவையை ‘கைகொடுத்தவை’ எண்டு எழுதச் சொல்லுறாங்கள். சீ! எங்கட சனத்தையும் நாளைக்கு இப்பிடித்தான் எழுதுவாங்கள், தம்பி.”

மறுநாள் அக்கா அந்த வசனத்தைக் காட்டியபோது எங்கள் முதலாளி சொன்னார்: “மூலத்தில் உள்ளதை மாற்ற நமக்கு உரிமை இல்லை.”

“இல்லைத்தான். அதனால்தான் நான் செய்யமாட்டேன் என்கிறேன்.”

வேலை வேறொருவருக்குப் போனது. அடுத்த மாதமே, வேலை குறைந்துவிட்டதென்று அக்காவை நிறுத்தினார்கள். அவர் இடத்துக்குப் புதிதாக ஆளெடுத்ததைப் பார்த்தபோது, அந்த அலுவலகக் கோப்பியைக்கூட என்னால் குடிக்க முடியவில்லை. வேறு இடம் தேடிக்கொண்டேன்.

அக்கா மருத்துவமனையில் தமிழ் நோயாளர்களுக்கு உரைபெயர்ப்பாளரானார். “ஆச்சி, உண்மையைச் சொல்லட்டோ?” என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவாராம். பிறகு அதே மருத்துவமனையில் அவரே படுக்கவேண்டி வந்தது. கடைசியாகப் பார்த்தபோது கேட்டார்:

“அந்த வசனத்தை மாத்திட்டாங்களோ?”

“இல்லை அக்கா. அப்படியே கிடக்குது.”

“சீ! இன்னும் ‘கைகொடுத்தவை’தானோ?” என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

இறுதிச் சடங்குக்குப் பழைய முதலாளி வெள்ளைப் பூங்கொத்தோடு வந்தார். “எங்களுக்குள் சின்னக் கருத்து வேறுபாடு. நிர்மலா மென்மையானவர், மன்னித்திருப்பார்,” என்று ரவி அண்ணையின் கையைப் பிடித்தார்.

குரல் உயர்த்திப் பேசியறியாத ரவி அண்ணை, பிரெஞ்சில் மெதுவாகவே சொன்னார்: “மன்னிக்கவில்லை. கடைசிவரை உங்களை நினைத்து அருவருத்தார். பூவைத் திருப்பிக் கொண்டுபோங்கள்.”

யன்னலால் பார்த்தேன். பேருந்துத் தரிப்பிடத்தில், பூங்கொத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்த மனிதர் மழையில் நின்றார். உள்ளே நாங்கள் பெட்டியைச் சுற்றி வந்து, அக்காவின் காலடியில் ஒவ்வொருவராகப் பூப் போட்டோம்.

போய் வாருங்கள், அக்கா. உங்களைப் பற்றி இந்த அஞ்சலியில் ஒரு சொல்லும் கூட்டியோ மழுப்பியோ எழுதவில்லை.