அப்பா இனி?

மலாயாவில் வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலத்தில் லூனாஸ் பட்டணத்துக்கும் எங்கள் குடியிருப்புக்கும் நடுவே ஒரு முள்கம்பி கேட் இருந்தது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று அரிசியையும் மாவையும் வெளியே விடமாட்டார்கள். பால் டின் மட்டும் வரலாம். அதுவும் பதுக்கி வைக்க முடியாதபடி கடையிலேயே ஓட்டை போட்டிருக்க வேண்டும்.

மளிகைக் கடையில் வேலை பார்த்த அப்பா, கைக்குழந்தையான என் தம்பிக்காக ஒரு டின்னை ஓட்டையில்லாமல் எடுத்து வந்தார். ஓட்டை போட்டால் எறும்பு மொய்க்கிறதே என்பது அவர் கவலை. ஆறு வயதுப் பெண்ணான நான் சைக்கிள் பாரில் உட்கார்ந்திருந்தேன். கேட்டில் நின்ற மலாய் மாத்தா, அதாவது போலீஸ்காரர், டின்னைத் தூக்கிப் பிடித்து, "அப்பா இனி?" என்றார்.

தோட்டத்திலிருந்து புதிதாக வந்த எனக்கு மலாய் தெரியாது. அப்பா இனிமேல் என்ன ஆவார் என்று என்னைத்தான் கேட்கிறார் என நினைத்தேன். நான் பதில் யோசிப்பதற்குள் அப்பாவைக் கொண்டுபோய்விட்டார்கள்.

மறுவாரமே கோலா கெத்திலிலிருந்து மாமா வந்தார். "ஆம்பள சம்பாத்தியம் இல்லாம எப்படிம்மா இருப்ப? தீபாவளிக்குள்ள லோரியோட வர்றேன், சாமானைக் கட்டி வை."

மாமா நல்லவர்தான். அவர் வீட்டில் எட்டுப் பேருக்குச் சமைக்க அத்தைக்குக் கூடமாட ஆள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அம்மாவின் கல்யாணச் சீரில் வந்த முறுக்கு அச்சை அத்தை இரண்டு நாளில் தருவதாக வாங்கிப்போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. அங்கே போனால் நாங்களும் திரும்பமாட்டோம் என்று அம்மா பயந்தார்.

முறுக்கு சுட்டு விற்கலாமென்றால், மாவு வெளியே வராது. அதனால் அம்மா பட்டணத்துக்கு உள்ளே போனார். அப்பா வேலை பார்த்த கடையின் முதலாளி பின்கட்டில் அடுப்புக்கு இடமும் கடலைமாவும் கொடுத்தார். அச்சுக்கு ஒரு காலிப் பால் டின். ஓட்டை போடும் வேலையை அரசாங்கமே ஆரம்பித்து வைத்திருந்தது. மீதியை அம்மா ஆணியால் முடித்தார். மறுபக்க மூடியை வெட்டியெடுத்து, அமுக்குவதற்கு ஒரு ரப்பர்க் கட்டையைச் சீவிக்கொண்டார்.

முதல் நாள் கேட்டில் அதே மாத்தா. அம்மாவின் பையிலிருந்த டின்னை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "அப்பா இனி?"

இந்த முறை நான் முந்திக்கொண்டேன். "இனி எங்கம்மாதான்."

அம்மா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "முறுக்கு, துவான்" என்று மலாயில் ஐயா போட்டுச் சொன்னார். அந்த மாத்தா பிறகு முறுக்கு வாங்கக் கடைக்கே வர ஆரம்பித்தார். ஆனாலும் தினமும் காலையில் டின்னைத் தூக்கிக் கேட்பதை மட்டும் விடவில்லை.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் மாமா லோரியோடு வந்தார். வீடு பூட்டியிருந்ததால் தேடிக்கொண்டு கடைப் பின்கட்டுக்கே வந்துவிட்டார். அங்கே மூன்று அடுப்பு எரிந்தது. கூடவே இரண்டு பெண்கள் மாவு பிசைந்தார்கள். அவர்கள் வீட்டு ஆண்களும் பிடிபட்டவர்கள்தான். மாமா தலையைச் சொறிந்தார்.

"வேணும்னா அந்த அச்சைக் கொண்டாந்து தரட்டா?"

"அண்ணிகிட்டயே இருக்கட்டும்ணே. உக்காந்து முறுக்கு சாப்பிடுங்க."

லோரி காலியாகவே திரும்பியது. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. இரண்டு வருடம் கழித்து அப்பா விடுதலையாகி வந்து, அம்மாவிடம் மாவு பிசையும் வேலையில் சேர்ந்தார்.

பள்ளியில் மலாய் படித்தபோதுதான், 'அப்பா இனி' என்றால் 'என்ன இது' என்று தெரிந்தது. வெட்கத்தோடு அம்மாவிடம் சொன்னேன்.

"எனக்கு அப்பவே தெரியும் லா," என்றார். "ஆனா எனக்கும் உனக்குக் கேட்ட மாதிரிதான் கேட்டுச்சு. அவரு தினம் கேட்டாரு. நானும் தினம் பதிலைக் கையில எடுத்துக்கிட்டுத்தான் போனேன்."