உடும்புக்குச் சாட்சி

1991-ஆம் ஆண்டு, மழைக்காலம் முடிந்த சமயம். ஒரகடம் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்தேன். சட்டம் படித்தவன். தினமும் படப்பையிலிருந்து ஸ்கூட்டரில் போய் வந்ததில் இடுப்பு வலி பிடித்துக்கொண்டது. உடும்புக்கறி சாப்பிட்டால் போய்விடும் என்று பலரும் சொன்னார்கள்.

அங்கே சிமெண்ட் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த வடக்குப்பட்டுக்காரர் ஒருவர், தொழிற்சாலைக்குள் நிரந்தர வேலை கேட்டு என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஓர் உடும்பு பிடித்துக் கொடுத்தால் வேலைக்குப் பார்க்கலாம் என்றேன். விளையாட்டாகச் சொன்னதாகப் பின்னாளில் எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. விளையாட்டு இல்லை. புலியைக் காக்கும் அதே சட்டம்தான் உடும்பையும் காக்கிறது, பிடித்தவனோடு பிடிக்கச் சொன்னவனும் குற்றவாளி என்பதெல்லாம் எனக்கு நன்றாகவே தெரியும்.

சில நாள் கழித்து, படப்பை டீக்கடையில் எனக்காகக் காத்திருந்தபோது அவர் மாட்டிக்கொண்டார். நான் போய்ச் சேர்ந்தபோது வனத்துறையினர் அவருடைய சாக்கைப் பிரித்துவிட்டிருந்தார்கள். உடும்பு உயிரோடு இருந்தது. யாருக்காகப் பிடித்தாய் என்று வனவர் கேட்டார். பிடிபட்டவர் என்னை ஒருமுறை பார்த்தார்.

“எனக்குத்தான் சார். மூட்டை தூக்கறவன், இடுப்பு வலி.”

“மூட்டை தூக்கறப்போ வராத வலி, உடும்பைப் பாத்தவொடனே வந்துச்சாக்கும்?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பறிமுதல் செய்ததற்குச் சாட்சிக் கையெழுத்து தேவைப்பட்டது. வனவர் என் பக்கம் திரும்பினார்.

“சார், படிச்சவரு மாதிரி இருக்கீங்க. நீங்க போட்டா கோர்ட்டுல நிக்கும்.”

போட்டேன்.

உடும்பை அன்றைக்கே காட்டில் விட்டுவிட்டார்கள். அவர் சிறைக்குப் போனார். ஜாமீனில் வந்ததும் நேரே என்னைத் தேடி வந்தார். குரலில் குத்தல் எதுவும் இல்லை.

“வேலை இன்னா ஆச்சு சார்?”

வழக்கு இருப்பவரை எடுக்கக் கூடாது என்பது கம்பெனி விதி என்று சொன்னேன். அப்படி ஒரு விதி இருந்தது உண்மைதான். திரும்பிப் போய்விட்டார்.

அழிந்துவரும் உயிர்களைக் காக்க இன்னும் கடுமையான சட்டம் வேண்டும் என்று யாராவது பேசினால் இப்போதும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு இருந்த சட்டத்திலேயே எனக்கும் ஓர் இடம் இருந்தது. அதில் வேறொருவரைத் தனியாக நிற்கவிட்டு, பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டவன் நான்.